மெஷின்: அலபாமா பல்கலைக்கழகத்தின் இரகசிய மாணவர் கூட்டணி

மெஷின் என்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கலூசா நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் ஓர் இரகசிய மாணவர் கூட்டணி. பெரும்பாலும் வெள்ளையின மாணவ மாணவியரைக் கொண்ட பழைமையான சங்கங்கள் தங்கள் பிரதிநிதிகளை இதற்கு அனுப்புகின்றன. மாணவர் பேரவைத் தேர்தலில் யாரை வெற்றிபெறச் செய்வது என்பதை இக்கூட்டணி முடிவு செய்கிறது. இதற்கு அலுவலகமோ பெயர்ப்பலகையோ பொதுவில் வெளியிடப்பட்ட உறுப்பினர் பட்டியலோ இல்லை. பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலிலும் இதன் பெயர் இல்லை.

அமெரிக்காவில் இரகசிய மாணவர் சங்கங்கள் பல உண்டு. அவற்றில் பலவற்றின் கடந்த காலம் இனப்பாகுபாட்டோடு பிணைந்தது. அலபாமாவின் மெஷின் தனித்துப் பேசப்படுவதற்குக் காரணம், சட்டம் இனப்பிரிவினையை ஒழித்த பிறகும் ஒரு வளாகத்தில் அந்தப் பிரிவினை எப்படிப் பல பத்தாண்டுகள் நீடித்தது என்பதை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுவதுதான். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாததால் அதை எதிர்த்து வழக்குத் தொடுப்பது கடினமாக இருந்தது. பொறுப்பாளர் யார் என்று தெரியாததால் கேள்வி கேட்பதும் கடினமாக இருந்தது.

பின்னணி: கிரேக்க எழுத்துச் சங்கங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் இயங்குகின்றன. ஆண்களுக்கானவை ஃபிரட்டர்னிட்டி என்றும் பெண்களுக்கானவை சொரோரிட்டி என்றும் அழைக்கப்படுகின்றன. உறுப்பினர்கள் பலர் சங்கத்துக்குரிய பெரிய வீடுகளில் சேர்ந்து வாழ்வார்கள். சேர்க்கைச் சடங்குகள், கடவுச்சொற்கள், கைகுலுக்கும் முறைகள் ஆகியவை வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை. படிப்பு முடிந்த பின்னும் இந்த உறவு தொடரும். வேலைவாய்ப்பு, அரசியல், திருமண உறவு என வாழ்க்கையின் பல கட்டங்களில் பழைய சங்கத் தோழமை கைகொடுக்கும்.

அலபாமா பல்கலைக்கழகம் 1831-ல் திறக்கப்பட்டது. அடிமைமுறை நடைமுறையில் இருந்த காலம் அது. வளாகத்தின் வேலைகளில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களும் ஈடுபடுத்தப்பட்டனர். இதற்காகப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் மன்றம் 2004-ல் மன்னிப்புக் கோரியது. இதே வளாகத்தில்தான் 1856-ல் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற ஃபிரட்டர்னிட்டி தொடங்கப்பட்டது. அது பிற்காலத்தில் நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய சங்கமாக வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பல தேசியச் சங்கங்களின் விதிகளில், வெள்ளையின கிறித்தவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இவ்விதிகளுக்கு எதிர்ப்பு கிளம்பியது. 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சை சங்கத்தின் கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தபோது, தேசியத் தலைமை அந்தக் கிளையையே நீக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் எழுதப்பட்ட விதிகள் ஒவ்வொன்றாக அகன்றன. ஆனால் அவை அகன்ற வேகத்தில் நடைமுறை மாறவில்லை.

வெள்ளையர் சங்கங்களில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று சங்கங்களைத் தோற்றுவித்தனர். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும், 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவும் இவ்வாறு பிறந்தவை.

தோற்றம்

மெஷினின் வேர் தீட்டா நூ எப்சிலான் என்ற சங்கத்தில் உள்ளது. இது 1870-ல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான சங்கமாகத் தொடங்கியது. வெவ்வேறு ஃபிரட்டர்னிட்டிகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் சங்கத்தை விடாமலே இதிலும் உறுப்பினராக இருக்க முடிந்தது. சங்கங்களுக்கிடையே மறைமுகப் பேரம் நடத்த இது வசதியான இடமாயிற்று. வளாகத் தேர்தல்களில் தலையிட்டதாலும் ஒழுங்கீனங்களாலும் பல கல்லூரிகள் இதைத் தடை செய்தன. பெரும்பாலான இடங்களில் மறைந்துபோன இந்த அமைப்பு, அலபாமாவில் தலைமறைவாக நிலைத்தது. 'மெஷின்' என்பது அதற்கு வளாகத்தில் வழங்கும் பெயர். அமெரிக்க அரசியலில் வாக்குகளைத் திரட்டித் தேர்தல் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் கட்சி அமைப்புகளை இச்சொல்லால் குறிப்பது வழக்கம்.

அலபாமாவில் மெஷின் தோன்றிய ஆண்டாகப் பொதுவாக 1914 கூறப்படுகிறது. அதன் தொடக்கத்தோடு லிஸ்டர் ஹில் என்பவரின் பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. பல்கலைக்கழக மாணவர் பேரவையின் முதல் தலைவரான ஹில், பின்னாளில் அமெரிக்க செனட் உறுப்பினராக நீண்டகாலம் பதவி வகித்தார். மாணவர் பேரவையும் அதை ஆட்டுவிக்கும் இரகசியக் கூட்டணியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மாணவர் அரசியலில் பயிற்சி பெற்றோர் மாநில அரசியலுக்கும் அங்கிருந்து தேசிய அரசியலுக்கும் செல்லும் பாதை அலபாமாவில் வலுவாக இருந்தது. ஆகவே ஒரு வளாகத் தேர்தலின் முடிவு வளாகத்தோடு நின்றுவிடவில்லை.

செயல்படும் முறை

மெஷினின் பலம் ஒருங்கிணைந்த வாக்கில் இருக்கிறது. ஒவ்வோர் உறுப்புச் சங்கமும் கூட்டத்துக்குத் தன் பிரதிநிதியை அனுப்புகிறது. அங்கே வேட்பாளர்கள் முடிவாகின்றனர். பிறகு ஒவ்வொரு சங்க வீட்டிலும் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற செய்தி போய்ச் சேர்கிறது. வாக்களிக்காதவர்கள் மீது சங்கத்துக்குள் அழுத்தம் தரப்படுவதாக முன்னாள் உறுப்பினர்கள் பலமுறை கூறியிருக்கின்றனர். கட்டளையை மீறும் சங்கம் பிற சங்கங்களின் விருந்துகளுக்கும் கூட்டு நிகழ்ச்சிகளுக்கும் அழைக்கப்படாமல் ஒதுக்கப்படும் என்பதே முக்கியமான மிரட்டல்.

ஓர் எளிய கணக்கு இதன் ஆற்றலை விளக்கும். 30,000 மாணவர்கள் உள்ள வளாகத்தில் 10,000 பேர் மட்டுமே வாக்களிக்கிறார்கள் என்று கொள்வோம். அப்போது 5,500 பேர் ஒரே பெயருக்கு வாக்களித்தால், மொத்த மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் வெற்றியை உறுதிசெய்துவிட முடியும். சங்கங்களைச் சாராத மாணவர்கள் 'முடிவு முன்பே தெரிந்த தேர்தல்' என்று ஒதுங்கும்போது கூட்டணியின் பங்கு மேலும் பெருகுகிறது. மக்கள் சோர்ந்துபோவதே அதற்கு லாபம்.

மாணவர் பேரவை வெறும் அலங்கார அமைப்பு அன்று. மாணவர் அமைப்புகளுக்கான நிதி, குழுக்களின் நியமனங்கள், கால்பந்து ஆட்டங்களில் சங்கங்களுக்கான இருக்கைகள் போன்றவற்றில் அதற்குச் செல்வாக்கு உண்டு. அதைவிட முக்கியம், அங்கே கிடைக்கும் அறிமுகங்கள். மாநில அரசியல்வாதிகள், வழக்கறிஞர்கள், தொழிலதிபர்கள் எனப் பலர் இதே வளாகத்தில் இதே சங்கங்களில் இருந்தவர்கள்.

1956, 1963: திறக்கப்பட்ட வகுப்பறைகள்

அலபாமா பல்கலைக்கழகம் 1950-கள் வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. ஆதரின் லூசி என்ற இளம் பெண் 1952-ல் விண்ணப்பித்து, நீதிமன்றப் போராட்டத்தில் வென்று, 1956 பிப்ரவரியில் வகுப்புக்குச் சென்றார். அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. சில நாட்களிலேயே பெரும் கும்பல் திரண்டு அவர்மீது பொருள்களை வீசியது. கொல்லுவோம் என்று மிரட்டியது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் கும்பலை விட்டுவிட்டு லூசியை இடைநீக்கம் செய்தது. பின்னர் அவர் முற்றிலுமாக நீக்கப்பட்டார். அந்த நீக்க ஆணை 1988-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. அவர் மீண்டும் சேர்ந்து 1992-ல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்கள் பதிவு செய்ய வந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் ஃபாஸ்டர் அரங்கத்தின் வாயிலில் நின்று தடுத்தார். குடியரசுத் தலைவர் கென்னடி அலபாமா தேசியக் காவல்படையை மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வாலஸ் விலகினார். மலோன் 1965-ல் அங்குப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

வகுப்பறையின் கதவு இவ்வாறு திறந்தது. வாலஸ் கேமராக்களின் முன்னே நின்றதால் அவரை அடையாளம் காணவும் ஆணையிட்டு விலக்கவும் முடிந்தது. சங்க வீடுகளின் கதவோ அப்படித் திறக்கவில்லை. அவை தனியார் சங்கங்கள். யாரைச் சேர்ப்பது என்பது அவற்றின் உரிமை என்று கருதப்பட்டது. ஒரு விண்ணப்பதாரர் ஏன் நிராகரிக்கப்பட்டார் என்று சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. வாக்கெடுப்பு மூடிய அறையில் நடந்தது. அதன் விளைவாக, வகுப்பில் அருகருகே அமர்ந்த மாணவர்கள் மாலையில் நிறவாரியாகப் பிரிந்த வீடுகளுக்குத் திரும்பினார்கள்.

1976: ஒரு தோல்வி

மெஷினை வெல்ல முடியும் என்று காட்டிய தேர்தல் ஒன்று 1976-ல் நடந்தது. அவ்வாண்டு கிளியோ தாமஸ் மாணவர் பேரவையின் முதல் கறுப்பினத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின மாணவர்களின் வாக்கு மட்டும் அதற்குப் போதாது. சங்கங்களைச் சாராத மாணவர்களும், கூட்டணியின் கட்டளையை மீறிய வெள்ளையினச் சொரோரிட்டி உறுப்பினர்களும் அவருக்கு வாக்களித்தனர். கூட்டணிக்குள் இருந்த பெண்கள், தங்கள் வாக்கு பயன்படுத்தப்படுகிறது, ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் தங்களுக்கு உரிய பங்கில்லை என்று உணர்ந்திருந்தனர்.

அவ்வெற்றிக்கு எதிர்வினையாக வளாகத்தில் சிலுவை எரிக்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எரியும் சிலுவை என்பது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் மிரட்டல் அடையாளம். அதைச் செய்தவர்கள் பெயர் வெளியிடவேண்டிய தேவையில்லாமலே செய்தி சென்றடைந்தது. தாமஸுக்குப் பின் இன்னொரு கறுப்பின மாணவர் அப்பதவிக்கு வர 39 ஆண்டுகள் ஆயின.

மிரட்டலின் ஆண்டுகள்

1980-களிலும் 1990-களிலும் மெஷின் பற்றிய குற்றச்சாட்டுகள் தேர்தல் சூழ்ச்சிகளைத் தாண்டிச் சென்றன. 1983-ல் மெஷினை எதிர்த்த மாணவர் தலைவர் ஒருவரின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரம் வெளிவந்தது. 1986-ல் கறுப்பினச் சொரோரிட்டியான ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, அதுவரை வெள்ளையர் சங்கங்கள் மட்டுமே இருந்த சொரோரிட்டி தெருவில் குடியேற முற்பட்டபோது, அதற்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் சிலுவை எரிக்கப்பட்டது.

1992-ல் எஸ்குயர் இதழ் மெஷினைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. டஸ்கலூசாவில் எல்லாரும் அறிந்த, ஆனால் எவரும் ஒப்புக்கொள்ளாத ஒன்று நாடறிந்த செய்தியாயிற்று. அடுத்த ஆண்டே நிலைமை முற்றியது. 1993-ல் மெஷினின் ஆதரவின்றித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஒரு மாணவியின் வீட்டுமுன் சிலுவை எரிக்கப்பட்டது; பின்னர் அவர் தம் வீட்டிலேயே தாக்கப்பட்டு முகத்தில் கத்திக் காயம் அடைந்தார். அவர் வெள்ளையினத்தவர்; அவரும் ஒரு சொரோரிட்டியின் உறுப்பினர்தான். கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தக் கையாளப்பட்ட மிரட்டல் அடையாளம், கட்டளைக்குப் பணியாத வெள்ளையினப் பெண்ணுக்கு எதிராகவும் திரும்பியது. தாக்கியவர் எவர் என்று எந்த வழக்கிலும் நிறுவப்படவில்லை.

பல்கலைக்கழக நிர்வாகம் மாணவர் பேரவையையே கலைத்தது. 1996 வரை வளாகத்தில் மாணவர் பேரவை இல்லை. இந்த முடிவில் ஒரு முரண் இருந்தது. கலைக்கப்பட்டது, பெயரும் விதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் கொண்ட வெளிப்படையான அமைப்பு. மெஷினைக் கலைக்க எவராலும் முடியவில்லை. ஏனெனில் கலைப்பதற்கு ஆவணப்படி அப்படி ஒன்று இல்லை. பேரவை மீண்டும் தொடங்கியதும் மெஷினின் ஆதரவு பெற்ற வேட்பாளர்கள் மீண்டும் வென்றனர்.

2013: 'இறுதித் தடை'

2013-ஆம் ஆண்டு பல்கலைக்கழகம், வாலஸ் வாயிலில் நின்ற நிகழ்வின் 50-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று மாணவர் நாளிதழான தி கிரிம்ஸன் ஒயிட், 'இறுதித் தடை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புலனாய்வுக் கட்டுரையை வெளியிட்டது. கல்வித் தகுதியிலும் குடும்பப் பின்னணியிலும் குறை சொல்ல முடியாத ஒரு கறுப்பின மாணவி, சேர்க்கையில் பங்கேற்ற 16 சொரோரிட்டிகளிலும் இடம் பெறவில்லை என்று அக்கட்டுரை விவரித்தது.

அக்கட்டுரை தனித்து நின்றதற்குக் காரணம் சங்கத்துக்குள்ளிருந்து ஒருவர் பெயர் சொல்லிப் பேசியதுதான். ஆல்ஃபா காமா டெல்டா சங்கத்தின் உறுப்பினர் ஒருவர், அம்மாணவியைச் சேர்க்கத் தம் சங்கத்தின் இளம் உறுப்பினர்கள் விரும்பியதாகவும், முன்னாள் மாணவியர் குறுக்கிட்டுத் தடுத்ததாகவும் வெளிப்படையாகக் கூறினார். பரிந்துரைக் கடிதத் தேவை நிறைவேறவில்லை என்பது அப்போது காட்டப்பட்ட காரணம். நிறம் பற்றி எந்த விதியும் பேசவில்லை. ஆனால் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அச்சங்கங்களின் பழைய மாணவியர். பல பத்தாண்டுகளாகக் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காத ஒரு சங்கத்தில் உறுப்பினராயிருந்தவரை ஒரு கறுப்பினக் குடும்பம் எளிதில் அறிந்திருக்காது. பழைய விலக்கு, நடுநிலையாகத் தோன்றும் ஒரு விதியின் மூலம் புதிய விலக்கை உண்டாக்கிக்கொண்டிருந்தது.

கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர், சங்கங்கள் உறுப்பினர் சேர்க்கையை மீண்டும் திறக்க வேண்டும் என்று ஆணையிட்டார். செப்டம்பர் 18 அன்று நூற்றுக்கணக்கான மாணவர்களும் ஆசிரியர்களும் வளாகத்தில் பேரணி சென்று, ஒருங்கிணைப்பைக் கோரினர். சில நாட்களில் வழங்கப்பட்ட 72 புதிய அழைப்புகளில் 11 கறுப்பின மாணவியருக்குச் சென்றன. அவர்களுள் 4 பேர் அப்போதே ஏற்றுக்கொண்டதாகப் பானர் அறிவித்தார். ஐம்பது ஆண்டுகளாக 'அது தனியார் சங்கங்களின் உரிமை' என்று விளக்கப்பட்ட நிலைமை, ஒரு செய்திக் கட்டுரைக்குப் பின் இரண்டு வாரங்களுக்குள் அசைந்தது.

எதிர்ப்பும் அடங்கிவிடவில்லை. சங்கங்களின் முழுமையான இன ஒருங்கிணைப்பை ஆதரிக்கும் தீர்மானம் 2014 மார்ச்சில் மாணவர் செனட்டுக்கு வந்தபோது, அது குழுவுக்கு அனுப்பப்பட்டு அக்கூட்டத்தொடரில் நிறைவேறாமல் போனது.

வளாகத்துக்கு வெளியே

2013-லேயே இன்னொரு சர்ச்சையும் எழுந்தது. ஆகஸ்ட் மாதம் டஸ்கலூசா நகரப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் நடந்தது. முன்னாள் மாணவர் பேரவைத் தலைவர் ஒருவர், பதவியில் இருந்த உறுப்பினரை 87 வாக்குகள் வேறுபாட்டில் தோற்கடித்தார். வாக்களிக்கும் சங்க உறுப்பினர்களுக்கு மதுக்கடைகளில் இலவசப் பானங்கள் தருவதாகச் சொன்ன மின்னஞ்சலும், வாக்குச்சாவடிக்குச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்ட வாகனங்களும் செய்தியாயின. ஒரே முகவரியில் பல மாணவர்கள் வாக்காளர்களாகப் பதிந்திருந்தது குறித்தும் கேள்விகள் எழுந்தன. தோற்றவர் தொடுத்த வழக்கு அலபாமா உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நகரத்தின் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில ஆண்டுகள் மட்டும் ஊரில் தங்கிச் செல்லும், பள்ளிப் பிள்ளைகள் இல்லாத மாணவர்களின் திரட்டப்பட்ட வாக்கு அப்பள்ளிகளின் நிர்வாகத்தைத் தீர்மானிக்கலாமா என்பதே அங்கு எழுந்த அடிப்படைக் கேள்வி. வாக்களிப்பது மாணவர்களின் உரிமை என்பதில் ஐயமில்லை. அந்த வாக்கைத் திரட்டியவர் யார், எதற்காகத் திரட்டினார் என்பது வாக்காளருக்குத் தெரியவேண்டுமா என்பதே விவாதம்.

ஓக்லஹோமா நிகழ்வு

இரகசியத்தின் வழியாகப் பழைய வெறுப்பு புதிய தலைமுறைக்கு எப்படிச் செல்கிறது என்பதற்கு 2015 மார்ச்சில் வேறொரு மாநிலத்தில் சான்று கிடைத்தது. அலபாமாவில் பிறந்த சிக்மா ஆல்ஃபா எப்சிலான் சங்கத்தின் ஓக்லஹோமா பல்கலைக்கழகக் கிளை உறுப்பினர்கள், பேருந்து ஒன்றில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் முழக்கத்தைப் பாடிய காணொளி வெளியானது. கறுப்பினத்தவர் ஒருபோதும் சங்கத்தில் சேர முடியாது என்பதும், தூக்கிலிடுவது பற்றிய குறிப்பும் அதில் இருந்தன.

பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் சங்க வீட்டை மூட ஆணையிட்டு, இரு மாணவர்களை நீக்கினார். பின்னர் நடந்த விசாரணையில், அம்முழக்கத்தைக் கிளை உறுப்பினர்கள் சில ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் தேசியத் தலைமைப் பயிற்சிக்கான கப்பல் பயணம் ஒன்றில் கற்றுக்கொண்டனர் என்றும், பிறகு புதிய உறுப்பினர்களுக்குக் கற்றுத்தந்தனர் என்றும் தெரியவந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத பாகுபாடு, மூத்தவர் வாயிலிருந்து இளையவர் காதுக்கு ஒரு பாட்டாகச் சென்றிருந்தது.

2015-க்குப் பின்

ஓக்லஹோமா காணொளி வெளியான அதே வாரத்தில் அலபாமாவில் எலியட் ஸ்பில்லர்ஸ் மாணவர் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1976-க்குப் பின் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பின மாணவர் அவர். 1986-க்குப் பின் மெஷினின் ஆதரவின்றி வென்ற முதல் தலைவரும் அவரே. 2016-லும் மெஷினை எதிர்த்த ஒருவர் வென்றார். அவர் மெஷினைச் சார்ந்த சூழலிலிருந்து வந்தவர். பிரசாரத்தின்போது அக்கூட்டணியின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி விமர்சித்தார்.

2017-ல் வரலாறு எதிர்பாராத திசையில் திரும்பியது. கறுப்பின மாணவரான ஜாரெட் ஹண்டர் மெஷினின் ஆதரவோடு போட்டியிட்டுத் தலைவரானார். அந்த ஆதரவைத் தேர்தலுக்கு முன் அவர் பொதுவில் ஒப்புக்கொண்டதும் புதுமையானது. மெஷின் மாறிவிட்டதன் அறிகுறி இது என்று சிலர் கருதினர். தன் பிடியைக் காத்துக்கொள்ள அது கற்றுக்கொண்ட புதிய வழி என்று வேறு சிலர் கருதினர். யார் வேட்பாளர் என்பது மாறியிருந்தாலும், யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அப்போதும் மூடிய அறைக்குள்ளேயே இருந்தது.

சொரோரிட்டி சேர்க்கையைப் பற்றி 2023-ல் வெளியான 'பாமா ரஷ்' ஆவணப்படமும் மெஷினைக் குறிப்பிடுகிறது. சமூக ஊடகங்களில் இச்சேர்க்கை வாரம் கோடிக்கணக்கானோர் பார்க்கும் காட்சியாகிவிட்ட காலத்திலும், அதன் பின்னணியில் உள்ள அரசியல் பற்றிப் பேச மாணவியர் தயங்கினர்.

ஆதரவும் மறுப்பும்

மெஷினையும் பழைய சங்கங்களையும் ஆதரிப்போர் சில வாதங்களை முன்வைக்கின்றனர். விரும்பியவரோடு கூடும் உரிமை அமெரிக்காவில் மதிக்கப்படும் உரிமை. வேட்பாளரைக் கூடிப் பேசி முடிவு செய்வது எல்லா அரசியலிலும் நடப்பது. கறுப்பின மாணவர்களுக்கும் தனிச் சங்கங்கள் உள்ளன. இன்றைய மாணவர்கள் தங்கள் தாத்தாக்களின் செயலுக்குப் பொறுப்பல்லர்.

இவற்றுக்கு மறுமொழிகளும் உண்டு. கறுப்பினச் சங்கங்கள் மறுக்கப்பட்டவர்கள் தோற்றுவித்தவை; அவை தம் பெயரோடும் முகவரியோடும் இயங்குகின்றன. கூடிப் பேசி வேட்பாளரை நிறுத்தும் கட்சிக்குப் பெயர் உண்டு, பொறுப்பாளர் உண்டு. தவறு நேர்ந்தால் கேட்க ஆள் உண்டு. அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ந்து, மாணவர் நிதியைப் பங்கிடும் பேரவையை ஆளும் ஒரு குழுவை முற்றிலும் தனிப்பட்ட நட்புவட்டமாகக் கொள்ள முடியாது. தாத்தாக்களின் செயலுக்குப் பேரர்கள் பொறுப்பல்லர் என்பது சரியே. ஆனால் அச்செயலால் கிடைத்த இடத்தையும் தொடர்புகளையும் அவர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

பெயர்ப்பலகைகளும் பெயரற்ற அமைப்பும்

அண்மைக் காலத்தில் அலபாமா பல்கலைக்கழகம் தன் வெளிப்படையான கடந்தகாலச் சின்னங்கள் சிலவற்றை அகற்றியது. 2020-ல் கூட்டமைப்புப் படையினரைப் போற்றும் பலகைகள் நீக்கப்பட்டன. இனவாதக் கருத்துகளைப் பரப்பிய மருத்துவர் ஜோசையா நாட்டின் பெயர் ஒரு கட்டடத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் கிரேவ்ஸ் ஹால் என்ற கட்டடத்துக்கு ஆதரின் லூசியின் பெயரைச் சேர்க்க முடிவாயிற்று. கு கிளக்ஸ் கிளானில் தலைமைப் பொறுப்பு வகித்த முன்னாள் ஆளுநர் பிப் கிரேவ்ஸின் பெயரோடு லூசியின் பெயரை இணைத்து வைப்பதை மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தனர். சில நாட்களிலேயே முடிவு மாற்றப்பட்டு, அது ஆதரின் லூசி ஹால் ஆனது. 1956-ல் கும்பல் அவரைச் சூழ்ந்தபோது அவர் வகுப்பில் இருந்த கட்டடம் அதுதான். பெயர்சூட்டு விழாவில் கலந்துகொண்ட லூசி, சில நாட்களில், 2022 மார்ச் 2 அன்று காலமானார்.

2024-ல் அலபாமா மாநிலம் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கான அலுவலகங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அதைத் தொடர்ந்து வளாகத்தில் கறுப்பின மாணவர் ஒன்றியத்துக்கு இருந்த அறை மூடப்பட்டது. பெயரும் கதவெண்ணும் கொண்டிருந்ததால் அந்த அமைப்பை ஒரு சட்டத்தால் எட்ட முடிந்தது. மெஷினுக்கு அப்படி ஓர் அறை எப்போதும் இருந்ததில்லை. கடந்த நூறாண்டில் அதன் பிடி தளர்ந்த 1976, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் அதற்குக் காரணமாக இருந்தது நிர்வாக ஆணை மட்டும் அன்று. கட்டளையை மீறி வாக்களித்தவர்கள், சங்கத்துக்குள்ளிருந்து பெயர் சொல்லிப் பேசியவர்கள், அதை அச்சிட்ட மாணவர் இதழ் ஆகியவையே அந்த மாற்றங்களைத் தொடங்கிவைத்தன.